கால அட்டவணை எழுதும் பையன்

1943-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் குழந்தை மனநல மருத்துவராக இருந்த லியோ கானர், பதினோரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசம் என்று இன்று நாம் சொல்லும் நிலையை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த ஆவணம் அது. அதில் முதலாவதாக வருபவன் டொனால்ட் என்ற சிறுவன். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்தான் அவன் ஊர். சுழலக்கூடிய பொருள் எது கிடைத்தாலும் தரையில் சுழலவிட்டுக் குதித்து மகிழ்வான். யாராவது குறுக்கே வந்து தடுத்தால் ஆத்திரம் பொங்கும்.

அந்தச் சிறுவன் பிறகு என்ன ஆனான் என்று உலகம் நெடுங்காலம் கேட்கவில்லை. 2010-இல் ஜான் டான்வன், கேரன் ஸக்கர் என்ற இரு பத்திரிகையாளர்கள் அவரைத் தேடிப் போய் எழுதினார்கள். டொனால்ட் டிரிப்லெட் அதே ஊரில்தான் இருந்தார். உள்ளூர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தார், கோல்ஃப் ஆடினார், காரோட்டினார். அதோடு, முப்பதுக்கும் மேற்பட்ட வெளிநாடுகளுக்குத் தனி ஆளாகப் போய் வந்திருந்தார். எந்தப் பயணமும் ஆறு நாளுக்கு மேல் நீளாது. தனக்கு எவ்வளவு தாங்கும் என்பதை அறிந்து, அந்த அளவுக்குள் உலகத்தைச் சுற்றினார். 2023-இல், 89 வயதில் காலமானார்.

ஆட்டிசம் உள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு வெளியூர் போவதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்கும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது டொனால்டின் கதையைத்தான். அடுத்துச் சொல்வது என் தங்கை மகனின் கதையை.

அவனுக்கு இப்போது பதினைந்து வயது. அவனுக்கு எல்லாமே ரயில்தான். வண்டி எண், பெட்டி வரிசை, எஞ்சின் வகை, எந்த ஊர் ஷெட்டைச் சேர்ந்த எஞ்சின் என்று எல்லாம் விரல் நுனியில் இருக்கும். 12671 என்றால் நமக்குச் சென்னையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் நீலகிரி எக்ஸ்பிரஸ், அவ்வளவுதான். அவனுக்கோ அந்த ஐந்து இலக்கத்துக்குள் ஒரு முழு இலக்கணம் இருக்கிறது. முதல் இலக்கம் 1 என்பதால் நெடுந்தூர வண்டி, 12 என்று தொடங்குவதால் அதிவிரைவு வண்டி, அடுத்த 6 தெற்கு மண்டலத்தைக் குறிக்கிறது, திரும்பி வரும்போது 12672 ஆகிவிடும். இந்த ஐந்து இலக்க முறை 2010 டிசம்பரில் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வான். டபிள்யூ.ஏ.பி-7 என்ற எஞ்சின் பெயரைக் கேட்டால், டபிள்யூ அகலப் பாதை, ஏ மாறுதிசை மின்சாரம், பி பயணிகள் வண்டி என்று பிரித்து வைப்பான். கேட்டவர் போதும் என்று சொன்னாலும் நிறுத்த அவனுக்குச் சிரமம்.

இந்த ஈடுபாட்டுக்கு மருத்துவ நூலில் வேறு பெயர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கையேட்டில், ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களில் ஒன்றாக இது வருகிறது. குறுகிய, மாறாத, தீவிரத்தில் இயல்புக்கு மிஞ்சிய ஈடுபாடுகள் என்பது அதன் சாரம். நோயறிதலுக்கு அப்படி ஒரு வரி தேவைதான். ஆனால் அந்த வரி வீட்டுக்குள் வந்தபோது வேறு வேலை செய்தது. பிடித்தது எதுவோ அதுதான் நோய் என்று பல குடும்பங்கள் புரிந்துகொண்டன. ரயில் பொம்மையைப் பரணில் ஏற்றினார்கள். படித்து முடித்தால்தான் ரயில் வீடியோ என்று பேரம் பேசினார்கள். கடந்த இருபது ஆண்டு ஆய்வுகளைப் படிக்கிற எவருக்கும் இந்தப் பேரம் எவ்வளவு தவறான இடத்தில் கை வைக்கிறது என்பது புரியும்.

2005-இல் டைனா மர்ரே, மைக் லெஸ்ஸர், வென் லாசன் ஆகிய மூவர் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். லாசன் தாமே ஆட்டிசம் உள்ளவர். மனிதரின் கவனம் அளவுக்கு உட்பட்ட ஒரு வளம், அதை எப்படிப் பங்கிடுகிறோம் என்பதில்தான் ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு என்றார்கள். கிணற்றுத் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அது ஒரே நேரத்தில் நாலைந்து வாய்க்கால்களில் மெல்லிதாக ஓடுகிறது. பேசுகிறவர் முகம், பின்னால் கேட்கும் பாட்டு, அடுப்பில் பால், நாளைய வேலை என எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் போகும். அவர்களுக்கு முழுத் தண்ணீரும் ஒரே வாய்க்காலில் கரை ததும்பப் பாய்கிறது. அந்த வயல் செழித்துக் கிடக்கும், பக்கத்து வயலுக்கு ஈரம் எட்டாது. "போதும், எழுந்து வா" என்று திடீரென்று மடையை அடைத்தால் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு போகும். மெல்ட்டவுன் என்று பெற்றோர்கள் சொல்லும் கொந்தளிப்பு பல நேரம் இப்படித்தான் தொடங்குகிறது. பிடிவாதம் என்று வெளியில் தெரிவது உள்ளே மடை மாற்ற முடியாத தவிப்பு.

மூளையைப் படம் பிடித்துப் பார்த்தவர்களுக்கும் சுவையான தடயங்கள் கிடைத்தன. முகங்களைப் பார்க்கும்போது நம் மூளையில் ஃபியூசிஃபார்ம் என்ற பகுதியும், உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலாவும் சுறுசுறுப்பாகும். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனுக்கு மனித முகங்களைக் காட்டியபோது அந்தப் பகுதிகள் அவ்வளவாக அசையவில்லை. அவன் உயிராக நேசித்த டிஜிமான் கார்ட்டூன் பாத்திரங்களைக் காட்டியதும் இரண்டும் விழித்துக்கொண்டன. ஒரு பையனிடம் செய்த சோதனை எல்லோருக்கும் பொருந்திவிடாது என்பது உண்மை. ஆனாலும், அந்தப் பகுதிகள் பழுதாகிக் கிடக்கின்றன என்ற எண்ணத்தை அது அசைத்தது. தனக்குப் பொருள் உள்ளதைக் கண்டபோது அவை வேலை செய்தன.

ரயில் ஏன் இத்தனை பேரைப் பிடித்துக்கொள்கிறது? எல்லா ஆட்டிசப் பிள்ளைகளுக்கும் ரயில் பிடிக்கும் என்பது இல்லை. டைனோசர், வரைபடம், மின்விசிறி, பழைய நாணயம், கிரிக்கெட் ஸ்கோர், சினிமாப் பாட்டு எழுதியவர் பட்டியல் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நாடு இருக்கிறது. பெண் பிள்ளைகளின் ஈடுபாடு பெரும்பாலும் பூனை, புத்தகம், பாடகர் என்று மற்றப் பெண்களுடையதைப் போலவே இருப்பதால், அதன் தீவிரம் கண்ணில் படாமலே போகிறது, நோயறிதலும் தாமதமாகிறது. ஆனால் ரயிலுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது போடப்பட்ட பாதையில்தான் போகும். குறித்த நேரத்துக்கு வரும். எல்லாவற்றுக்கும் எண் உண்டு, வகை உண்டு, பட்டியல் உண்டு.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பவன் சின்ஹாவும் அவருடைய குழுவினரும் 2014-இல் ஒரு கருதுகோளை வெளியிட்டார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று நம் மூளை ஓயாமல் கணித்துக்கொண்டே இருக்கிறது, ஆட்டிசத்தில் அந்தக் கணிப்பு பலவீனப்படுகிறது என்பது அவர்களுடைய கருத்து. இது இன்னும் விவாதத்தில் உள்ள கருத்துதான். ஆனாலும் வீட்டில் இருந்து பார்க்கிற எனக்கு இது நிறைய விளக்குகிறது. அடுத்த நொடி எங்கிருந்து என்ன வரும் என்று தெரியாத உலகத்தில் வாழ்கிறவனுக்கு, 17.42-க்கு வரும் என்று சொல்லிவிட்டு 17.42-க்கே வரும் ஒரு வண்டி எவ்வளவு பெரிய ஆறுதல்!

அதே வண்டி வராவிட்டால்? அங்கேதான் குடும்பப் பயணத்தின் நுட்பம் இருக்கிறது.

என் தங்கை இதைப் படிப்படியாகத்தான் செய்தாள். அவர்கள் வீடு தாம்பரத்துக்குப் பக்கம். கடற்கரை–தாம்பரம் தடம் 1931-இல் மின்மயமானது, பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி கிடைக்கும் என்பதால் பழகுவதற்கு அதைவிட நல்ல தடம் இல்லை. முதலில் நடைமேடையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவது. பிறகு ஒரே ஒரு நிலையம், பழவந்தாங்கலில் ஏறி மீனம்பாக்கத்தில் இறங்குவது. அது பழகியதும் எழும்பூர் வரை. கூட்டமில்லாத ஞாயிறு காலையில் தொடங்கி, வார நாளின் பகல் நேரத்துக்கு வந்தாள். காலை ஒன்பது மணி நெரிசலில் அவனை இன்றுவரை ஏற்றவில்லை, ஏற்ற வேண்டிய அவசியமும் இல்லை என்பாள். சரியான முடிவு.

நெடும்பயணம் என்றால் அட்டவணை எழுதுவது அவன் பொறுப்பு. ஒரு நீள நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவான். நேரம், நிலையம், என்ன செய்ய வேண்டும் என்று மூன்று கட்டங்கள். கழிப்பறைக்குப் போகும் நேரமும் இட்லி பொட்டலத்தைப் பிரிக்கும் நேரமும்கூட அதில் இருக்கும். நாலாவது கட்டம் என் தங்கையின் யோசனை. அதன் தலைப்பு "தாமதமானால்". வண்டி அரை மணி தாமதமானால் என்ன செய்வது, ஜன்னல் இருக்கையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது, மழையில் வண்டி ரத்தானால் எங்கே போவது என்று அவனே யோசித்து எழுத வேண்டும். எதிர்பாராததை ஒழிக்க முடியாது. அது வரக்கூடிய இடங்களை முன்கூட்டியே குறித்து வைக்கலாம். செல்பேசியில் வேர் இஸ் மை டிரெயின் செயலி இருக்கிறது. இணையம் இல்லாவிட்டாலும் செல்பேசிக் கோபுரங்களை வைத்தே வண்டி நிற்கும் இடத்தைக் கணித்துக் காட்டும் செயலி அது. "ஏன் நிற்கிறது" என்ற பதற்றம் "12 நிமிடம் தாமதம்" என்ற எண்ணாக மாறினாலே அவன் தோள்கள் இறங்குவதைப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் வடகரோலினாவில் எரிக் ஷாப்ளர் தொடங்கிய டீச் முறையில் படங்களாலான கால அட்டவணை ஓர் அடிப்படைக் கருவி. கரோல் கிரே என்ற ஆசிரியை 1991-இல் வடிவமைத்த சமூகக் கதைகளும் அதே நோக்கம் கொண்டவை. பழக்கமில்லாத ஓர் இடத்தில் என்ன நடக்கும், யார் என்ன செய்வார்கள் என்பதைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் முன்பே படிக்கக் கொடுப்பது. என் தங்கை இந்தப் பெயர்களையெல்லாம் பின்னால்தான் கேள்விப்பட்டாள். பிள்ளையைக் கவனித்துப் பார்த்த பல தாய்மார்கள் தாமே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

ஒலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயிலை இவ்வளவு நேசிப்பவன், எஞ்சின் ஹாரன் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டுவிடுவான். பார்ப்பவர்களுக்கு இது முரணாகத் தெரியும். ஆட்டிசத்தில் புலன்கள் மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை டி.எஸ்.எம்-5 முதன்முறையாக அளவுகோலில் சேர்த்தது. நமக்கு ஒரு சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டால் மூளை அதைப் பழகிக் கழித்துவிடும். 2015-இல் வெளியான ஒரு மூளைப்பட ஆய்வில், புலன் மிகையுணர்வு கொண்ட ஆட்டிச இளைஞர்களுக்கு இந்தப் பழகுதல் மந்தமாக இருந்தது. பத்தாவது ஹாரனும் அவர்களுக்கு முதல் ஹாரனைப் போலவே பாய்கிறது. ஆனால் சத்தம் எப்போது வரும் என்று தெரிந்தால் வலி குறைகிறது. லெவல் கிராசிங்குக்கு முன்னால் தடத்தின் ஓரம் மஞ்சள் பலகையில் டபிள்யூ/எல் என்று எழுதியிருப்பார்கள். அந்த இடத்தில் ஓட்டுநர் ஹாரன் அடிக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பலகையைப் பார்த்ததும் அவனே ஹெட்போனை மாட்டிக்கொள்கிறான். "இப்ப அடிப்பாங்க" என்று தன் தங்கைக்கும் சொல்கிறான்.

ஊட்டிக்குப் போனதை விரிவாகச் சொல்ல ஆசை. நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும், உதகைக்கு 1908-இலும் போய்ச் சேர்ந்தது. 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைப்பாதைகள். 2005-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இதெல்லாம் சுற்றுலாக் கையேட்டிலேயே இருக்கும். என் மருமகனுக்கு வேண்டியது வேறு. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டு தொடங்குகின்றன. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறை அது. இரண்டு பட்டைகளின் பற்களும் ஒன்றுக்கொன்று சற்று விலகி அமைந்திருக்கும். எஞ்சினின் பல்சக்கரத்தில் ஏதாவது ஒரு பல் எப்போதும் பட்டையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. பன்னிரண்டு மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் ஏற வேண்டிய சரிவு என்பதால், எஞ்சின் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. நான்கு சிலிண்டர்களில் இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு.

கல்லாறு வந்தபோது மற்றவர்கள் எல்லோரும் பாக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் உள்ளங்கையை ஜன்னல் சட்டத்தின் மேல் பரப்பி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். "இப்பப் பிடிக்கும் மாமா." தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரு நொடி தயங்கியது. மரச் சட்டத்தில் ஒரு கரகரப்பு ஏறியது. வேகம் நடைவேகத்தைச் சற்றே மிஞ்சும் அளவுக்கு இறங்கியது. "பிடிச்சிருச்சு." என் கையையும் இழுத்து அந்தச் சட்டத்தில் வைத்தான். தொடுவதையே அவ்வளவாக விரும்பாத பையன் அவன்.

ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நின்று வருவார். எங்கள் பெட்டியின் பிரேக்ஸ்மேனிடம் அவனாகவே போய், முகத்தைப் பார்க்காமல் பிரேக் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே, "இது பல்சக்கரத்துக்கா, ஓடுற சக்கரத்துக்கா?" என்று கேட்டான். அந்த மனிதருக்கு வியப்பு. இரண்டுக்கும் தனித்தனி பிரேக் இருப்பதைக் காட்டி, எதை எப்போது போடுவார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். இவன் கேட்டான், அவர் சொன்னார். அவர் கேட்டார், இவன் சொன்னான். தண்ணீர் பிடித்து முடிக்கும் வரை அது நடந்தது. பள்ளியில் பேச்சுப் பயிற்சியில் முறை வைத்துப் பேசச் சொல்லிக்கொடுத்தும் வராத ஒன்று அங்கே தானாக வந்தது. அமெரிக்காவில் 2007-இல் மேரி ஆன் விண்டர்-மெஸ்ஸியர்ஸ் வெளியிட்ட ஆய்விலும் இதையே காணலாம். தமக்குப் பிடித்ததைப் பற்றிப் பேசும்போது அந்தப் பிள்ளைகளின் பேச்சு தெளிந்தது, உடல் தளர்ந்தது, முகத்தில் உணர்ச்சி தெரிந்தது. 2012-இல் கேகல் என்ற ஆய்வாளரின் குழுவினர் இந்த ஈடுபாடுகளை வைத்தே பள்ளியில் மதிய உணவு நேர மன்றங்கள் அமைத்தபோது, ஒதுங்கி நின்ற வளரிளம் பிள்ளைகள் சக மாணவர்களோடு கலந்து பழகினார்கள்.

அவனுடைய தங்கையை மறந்துவிடக் கூடாது. பத்து வயதுப் பெண். எங்கே போனாலும் ரயில் என்றால் அவளுக்கு எரிச்சல் வரத்தானே செய்யும்? உதகையில் தாவரவியல் பூங்காவைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. அட்டவணையில் "12.00–1.30 தங்கச்சி நேரம்" என்று அவன் கையாலேயே எழுத வைத்தார்கள். எழுதியதை அவன் மீறுவதில்லை. பூங்காவில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நடந்தான், ஆனாலும் 1.30 வரை நடந்தான். ஒரு பிள்ளையின் ஈடுபாட்டுக்காக இன்னொரு பிள்ளையின் பயணத்தைப் பறித்தால் அந்தக் கசப்பு வீட்டில் பல ஆண்டு தங்கிவிடும்.

வடகிழக்குப் பருவமழையில் மண்சரிந்து இந்த மலை ரயில் அடிக்கடி ரத்தாகும். இன்னொரு முறை அப்படித்தான் ஆனது. நெடுநேரம் அழுதான். யாரும் சமாதானம் சொல்லி மொய்க்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, பேச்சை நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அழுகை ஓய்ந்ததும் அவனே நோட்டை எடுத்து நாலாவது கட்டத்தைப் பார்த்தான். "ரத்தானால் ஈரோடு சந்திப்பு, மின்சார எஞ்சின்கள்" என்று இருந்தது. ஈரோட்டுக்குப் போனார்கள்.

ஈடுபாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஈடுபாடு உள்ளவர்கள் வாழ்வில் நிறைவோடு இருந்தார்கள். அதன் தீவிரம் மிக அதிகமானபோது அந்த நிறைவு குறைந்தது. தூக்கம், சாப்பாடு, குளியல் எல்லாவற்றையும் ரயில் விழுங்கத் தொடங்கினால் அதைக் கவனித்து எல்லை கட்ட வேண்டும். அட்டவணையே அதற்கும் உதவும். ரயில் நேரம் முடியப் பத்து நிமிடம், ஐந்து நிமிடம் என்று முன்னறிவித்தால் மடை மெதுவாகத் திரும்பும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பாதுகாப்பு. 2012-இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர், 49 சதவீதம், நான்கு வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது பாதுகாப்பான இடத்தைவிட்டு வெளியேறிவிட முயன்றிருந்தார்கள். ரயில் பிடித்த பிள்ளை வீட்டைவிட்டுப் போனால் எங்கே போவான் என்று சொல்ல வேண்டியதில்லை. "மஞ்சள் கோட்டைத் தாண்டாதே" என்று ஆயிரம் முறை கத்துவதைவிட, ஏன் என்பதை அவன் மொழியிலேயே சொல்வது பலன் தரும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும், மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் இருக்கிறது, தொடாவிட்டாலும் அருகில் போனாலே பாயும். இவை ரயில்வேயின் விதிகள், அம்மாவின் கட்டளைகள் இல்லை. விதிகளை அவன் மதிக்கிறான். அதோடு, பெயரும் பெற்றோர் எண்ணும் எழுதிய அட்டை அவன் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். உள்ளூர் நிலையத்தின் ரயில்வே பாதுகாப்புப் படையினருக்கும் டீக்கடைக்காரருக்கும் அவனை அறிமுகப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

வளரிளம் பருவத்தில் இன்னொன்றும் மாறுகிறது. ஐந்து வயதுக் குழந்தை நடைமேடையில் கையை உதறிக் குதித்தால் நாலு பேர் சிரித்துக் கொஞ்சுவார்கள். மீசை அரும்பிய பையன் அதையே செய்தால் விலகி நிற்கிறார்கள், சிலர் செல்பேசியில் படமெடுக்கிறார்கள். "ஏம்மா, இவ்ளோ பெரிய பையனை அடக்கி வைக்கக் கூடாதா?" என்று என் தங்கையிடம் கேட்டவர்கள் உண்டு. கையை உதறுவது அவன் மகிழ்ச்சியையும் பதற்றத்தையும் சமன்படுத்திக்கொள்ளும் வழி. அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி, 2021-இல் உலகில் 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர். கூட்டமான ஒரு விரைவு வண்டியில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள இருவரின் வாழ்க்கைகளை அடிக்கடி ஒப்பிட்டுப் பார்ப்பேன். டெம்பிள் கிராண்டின் பதின்பருவத்தில் கோடை விடுமுறைக்கு அரிசோனாவில் இருந்த உறவினரின் பண்ணைக்குப் போனார். தடுப்பூசி போட மாடுகளை அசையாமல் அணைத்துப் பிடிக்கும் ஒரு சட்டகத்தை அங்கே கண்டார். அதற்குள் போன மாடு அமைதியாவதைப் பார்த்து, தனக்கும் அப்படி ஒன்றைக் கட்டிக்கொண்டார். பள்ளியின் மனநல ஆலோசகர்கள் அதை விபரீதமாகப் பார்த்தார்கள். வில்லியம் கார்லாக் என்ற அறிவியல் ஆசிரியர் மட்டும், அது ஏன் அமைதி தருகிறது என்று ஆராய்ந்து பார் என்றார். கிராண்டின் கால்நடை அறிவியல் பேராசிரியர் ஆனார். அமெரிக்கப் பண்ணைகளில் மாடுகளைப் பதற்றமின்றிக் கையாளும் அமைப்புகளை வடிவமைத்தார். நியூயார்க்கின் டேரியஸ் மெக்கலமுக்கு அப்படி ஒரு ஆசிரியர் வாய்க்கவில்லை. சுரங்க ரயிலின் ஒவ்வொரு தடமும் அவருக்கு மனப்பாடம். 1981-இல், பதினைந்து வயதில், ஒரு ரயிலைப் பயணிகளோடு சரியாக ஓட்டிப் போய்ப் பிடிபட்டார். அதன் பிறகு ஊழியர் வேடத்தில் ரயிலையும் பேருந்தையும் ஓட்டியதற்காக முப்பது முறைக்கு மேல் கைதாகி, பல ஆண்டுகளைச் சிறையில் கழித்தார். அவர் செய்தது ஆபத்தான குற்றம். ஆனால் அந்த அறிவுக்கு முறையான ஒரு வாசலை யாரும் திறக்கவில்லை என்பதும் உண்மை.

அதே நியூயார்க்கில் பின்னர் வாசல் திறந்தது. அந்நகரப் போக்குவரத்து அருங்காட்சியகம், ரயில் பிடித்த ஆட்டிசப் பிள்ளைகளுக்காகவே சப்வே ஸ்லூத்ஸ் என்ற பள்ளிநேரத்துக்குப் பிந்தைய நிகழ்ச்சியை நடத்துகிறது. பழைய பெட்டிகளுக்கிடையே குழுவாகத் துப்பறிந்து, பேசிப் பழகுகிறார்கள். 2022 ஏப்ரலில் சுரங்க ரயில் நிலையங்களில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பதிவு செய்த பாதுகாப்பு அறிவிப்புகள் ஒலித்தன.

நம்மிடம் இல்லாதது என்ன? 1955-இல் தொடங்கிய பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது. முதல் வந்தே பாரத் வண்டி 2018-இல் அங்கேதான் உருவானது. அதன் பக்கத்திலேயே 2002 முதல் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் காலை, பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முன் இரண்டு மணி நேரம், ஒலிபெருக்கி இல்லாமல், கூட்டம் இல்லாமல், கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற ஊழியரோடு அந்த அருங்காட்சியகத்தை இந்தப் பிள்ளைகளுக்காகத் திறந்துவிட வேண்டும். பெரிய செலவில்லை, புதிய கட்டடம் வேண்டாம். எந்த மாதம், எந்தக் கிழமை என்பதை மட்டும் முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அறிவித்த நேரத்துக்குக் கதவைத் திறந்தால் போதும். இதைப் படிக்கும் ரயில்வே அதிகாரிகள் அருள்கூர்ந்து இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று, என் தங்கை குடும்பத்தைப் போன்ற எல்லாக் குடும்பங்களின் சார்பிலும் கேட்டுக்கொள்கிறேன்.